கத்திரி வருமுன்: பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

மே 4 வாக்கில் கத்திரி தொடங்கிவிடும். அம்பாசடர், பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருக்கும் சங்க உறுப்பினர்கள் ஏப்ரல் முடிவதற்குள் இந்த வேலைகளை முடித்துவிட வேண்டும். போன கோடையில் ஹெட் வளைந்த வண்டிகளுக்காக இதை எழுதவில்லை. வளைந்த ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம். கையும் முகமும் வெந்துபோய் நின்றவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

இனி வழக்கமான வேலைகள். ஃபேன் பெல்ட்டை நடுவில் அழுத்தினால் அரை அங்குலம் தணிய வேண்டும்; வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். ஊறிப்போன, விறைத்துப்போன ஹோஸ்களைத் தூக்கிப் போடுங்கள். தண்ணீர் பம்பின் அடியில் ஈரம் தெரிகிறதா பாருங்கள். ரேடியேட்டர் தகடுகளில் அடைந்த பூச்சியையும் தூசியையும் எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாகக் காற்றடித்து வெளியேற்றுங்கள். இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தாலும் எஞ்சின் கொதிக்கும், அதையும் சரிபாருங்கள். மூடியின் ரப்பர் வாஷர் நைந்திருந்தால் புது மூடி போடுங்கள், அதுவும் உங்கள் வண்டிக்கு உரிய அழுத்த அளவிலேயே.

தண்ணீர் மாற்றுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ரேடியேட்டரை மட்டும் வடித்துவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். பழைய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில் பிளாக்கின் பின்பக்கம் ஒரு பித்தளைக் குழாய் உண்டு. அதைத் திறந்தால் பெரும்பாலும் ஒன்றும் வராது. வடித்தாயிற்று என்று நினைக்காதீர்கள், துருச்சேறு அடைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு கம்பியை உள்ளே விட்டுக் குடையுங்கள். முதலில் காபி நிறத்தில் சொட்டும், பிறகு குபுக்கென்று ஊற்றும். தெளிந்த நீர் வரும்வரை அலசுங்கள். நாலாவது சிலிண்டரைச் சுற்றி இந்தச் சேறு படிந்திருக்கும் வரை எத்தனை பெரிய ஃபேன் மாட்டினாலும் பயனில்லை. மீண்டும் நிரப்பும்போது போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்பு படியும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் போதும். மிச்சக் கூலன்ட்டைக் குழந்தைகளும் நாயும் எட்டாத இடத்தில் வையுங்கள், அது விஷம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் ஊர்ப் பழக்கம். அடைத்துக்கொண்டால் மாற்றுங்கள், இல்லாமல் ஓட்டாதீர்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீரோடு அடுப்பில் வைத்துப் பாருங்கள். அதில் பொறித்திருக்கும் வெப்பநிலையில் திறக்கத் தொடங்கினால் நல்லது.

பிறகு ஏ.சி. மாட்டிக்கொண்ட வண்டிகள். கண்டென்ஸர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்து சூட்டை அதன்மேல் ஊதுகிறது. ரேடியேட்டர் முன்னைவிட நன்றாக வேலை செய்தாக வேண்டும். கல்யாணத்துக்கு வாடகைக்குக் கொடுப்பவர்களே, முகூர்த்த நாளில் கிரில் முழுக்க மாலையைத் தொங்கவிட்டு ஊர்வலத்தோடு ஊர்ந்து போகிறீர்கள். மாலையை பானட்டின் மேல் போடுங்கள், காற்றுப்பாதையில் போடாதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் ஊசி சிவப்பைத் தொட்டால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள், அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி. பொறுமை இல்லாதவர்களுக்குக் காரணமும் சொல்கிறேன். மூடியின் அழுத்தத்தால் உள்ளே இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த மாத்திரத்தில் அழுத்தம் போய், நீர் ஆவியாகிப் பீறிட்டு அடிக்கும். துணி போட்டுத் திறந்தேன் என்கிறார்கள். துணி நனைந்து கையோடு ஒட்டிக்கொள்ளும் ஐயா! பிறகுதான் தோல் உரிகிறது. பார்த்தவன் சொல்கிறேன்.

ஆறியபிறகு மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். கல்லாக இருந்தால் இன்னும் பொறுங்கள். தளர்ந்திருந்தால் முகத்தை விலக்கிக்கொண்டு மூடியை முதல் கட்டத்துக்கு மட்டும் திருப்பி, சீற்றம் அடங்கியபின் கழற்றுங்கள். தண்ணீரையும் ஒரே வாளியாகக் கவிழ்க்காதீர்கள். சூடான பிளாக்கில் குளிர்ந்த நீர் பட்டால் வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

வெந்துவிட்டால் மை, பற்பசை எதுவும் பூசாதீர்கள். குளிர்ந்த ஓடும் நீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரிடம் போங்கள். வண்டியில் குடிநீர் தனியாக வைத்திருங்கள். ஓட்டுநர் வைத்திருந்தால் இதை அவருக்கும் படித்துக் காட்டுங்கள். மூடியைத் திறக்கப் போவது பெரும்பாலும் அவர்தான்.