வெப்பமண்டலப் பழப்பானம்: வீட்டில் தயாரித்தலும் அருந்துபவரை அறிதலும்

உணவும் நலவாழ்வும்: வீட்டுப் பாடம்

மாம்பழம், பப்பாசி, அன்னாசி, வாழைப்பழம், கொடித்தோடை முதலியன ரொறன்ரோவில் இன்று அரிய பொருள்கள் அல்ல. மெக்சிக்கோவின் மஞ்சள்நிற அத்தொல்ஃபோ மாம்பழம் இளவேனிலில் பெட்டி பெட்டியாக வந்திறங்குகின்றது. ஸ்காபரோவின் தமிழ்க் கடைகளில் உறைநிலைப் பழத் துண்டுகளும் தகரத்தில் அடைக்கப்பட்ட மாம்பழக் கூழும் ஆண்டு முழுவதும் கிடைக்கின்றன. இவற்றைத் தயிருடனோ பாலுடனோ சேர்த்து அரைத்து அருந்தும் பானமே ஸ்மூதி எனப்படுகின்றது. சாற்றைப் போல் இது வடிகட்டப்படுவதில்லை. பழத்தின் நார் பானத்திலேயே தங்கிவிடுகின்றது.

செய்முறைக்கு ஐந்து நிமிடம் போதும். எனினும், ஒரே வீட்டில், ஒரே குவளைப் பானம் பேரப்பிள்ளைக்கு நல்லுணவாகவும் பாட்டனாருக்கு ஊறாகவும் அமையக்கூடும். ஆகவே எந்தப் பழம் என்ற கேள்விக்கு முன், யார் அருந்தப் போகின்றார் என்ற கேள்வி எழவேண்டும். இப்பாடம் அந்த ஒழுங்கிலேயே அமைந்துள்ளது.

1. அருந்துபவர் யார்?

நீரிழிவு உள்ளவர்: முழுப்பழத்தை மென்று உண்பதற்குக் காலம் எடுக்கும், இரண்டு பழங்களின் கூழை ஒரு நிமிடத்தில் குடித்துவிடலாம். எனவே அளவே முதன்மையானது. சீனி, தேன், சர்க்கரைப்பாகு, ரின்பால் ஆகியவற்றைச் சேர்க்காதிருத்தல் வேண்டும்.

இங்கே மற்றுமொரு செய்தியை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருத்தல் நன்று. மருந்து எடுக்கும் ஒருவருக்கு இரத்தச் சர்க்கரை திடீரெனக் குறைந்து நடுக்கமும் வியர்வையும் ஏற்படும்போது, தயிர் சேர்த்த பானத்தைக் கொடுத்தல் பொருத்தமன்று. அதிலுள்ள கொழுப்பும் புரதமும் சர்க்கரை இரத்தத்திற் சேர்வதைத் தாமதப்படுத்தும். அவ்வேளையில் 150 மில்லிலீற்றர் பழச்சாற்றையோ, நீரிற் கரைத்த ஒரு மேசைக்கரண்டி சீனியையோ கொடுத்து, 15 நிமிடங்களின் பின் மீண்டும் சோதித்துப் பார்க்கவேண்டும். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதனையும் கொடுக்காது 911ஐ அழைக்கவேண்டும்.

சிறுநீரக நோயுள்ளவர்: நட்சத்திரப்பழம் இவர்களுக்கு நஞ்சு. அதிலுள்ள நரம்பு நச்சுப்பொருளைப் பழுதுற்ற சிறுநீரகத்தால் வெளியேற்ற இயலாது. விடாத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு என்பன தோன்றி உயிராபத்தும் நேரலாம். சிறிதளவும் சேர்க்கலாகாது. பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்துமாறு மருத்துவர் கூறியிருப்பின், வாழைப்பழம், வெண்ணெய்ப்பழம், இளநீர் ஆகியவற்றுக்குப் பதிலாக அன்னாசி, அப்பிள் போன்றவற்றை அளவோடு பயன்படுத்தலாம்.

மருந்து உட்கொள்பவர்: கிரேப்ஃபுரூட்டும் அதன் இனமான பம்பளிமாசும், கொலஸ்திரோலுக்கான சிம்வாஸ்ரற்றின், அற்றோர்வாஸ்ரற்றின் போன்ற சில மருந்துகளையும் சில இரத்த அழுத்த மருந்துகளையும் உடல் சிதைக்கும் வேகத்தைக் குறைக்கின்றன. அதனால் குருதியில் மருந்தின் அளவு கூடிவிடும். காலையில் அருந்தும் பழத்தின் விளைவு மாலையிலும் நீடிப்பதால், நேரத்தை மாற்றி உண்பது தீர்வாகாது. தைரொயிட் மாத்திரை எடுப்பவர்கள் அதனுடன் பாலோ தயிரோ கலந்த பானத்தை அருந்தலாகாது. பாலிலுள்ள கல்சியம் மாத்திரை உடலிற் சேர்வதைக் குறைக்கும். எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்பதை மருந்தாளரிடம் கேட்டறிக.

குழந்தைகள்: ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கலந்த எதனையும் கொடுத்தலாகாது. தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து, உடலைத் தளர்வுறச் செய்யும் கொடிய நச்சை உண்டாக்கலாம்.

2. பொதியின் மேல் எழுதப்பட்டிருப்பது என்ன?

உணவுப் பொதியின் சிட்டை சட்டத்தினால் ஒழுங்குபடுத்தப்பட்ட ஓர் ஆவணமாகும். அது ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மட்டுமே அமைந்திருப்பதால், அதன் கட்டமைப்பை அறிந்துகொள்வது தமிழ் வாசகர்களுக்குப் பயன்தரும்.

முதலாவது, சேர்பொருட் பட்டியல். நிறையால் மிகுந்தது முதலிலும் குறைந்தது இறுதியிலும் எழுதப்படவேண்டும் என்பது விதி. பல பெயர்களில் வரும் சர்க்கரை வகைகள் ‘சர்க்கரைகள்’ என்ற தலைப்பின்கீழ் அடைப்புக்குறிக்குள் ஒன்றாகத் தரப்படுகின்றன. மாம்பழக் கூழ்த் தகரத்தின் பட்டியலில் மாம்பழத்தை அடுத்துச் சர்க்கரைகள் இடம்பெற்றிருந்தால், அது இனிப்பூட்டிய கூழ் என்று கொள்க.

இரண்டாவது, ஊட்டச்சத்து அட்டவணை. அதில் வலப்புறத்தில் உள்ள நாளாந்த வீதத்தைப் பார்க்கவும். 5 வீதமும் அதற்குக் கீழும் சிறிதளவு. 15 வீதமும் அதற்கு மேலும் மிகுதி. மொத்தச் சர்க்கரைக்கு இவ்வீதம் 100 கிராமை அடிப்படையாகக் கொண்டது. எனவே 15 வீதம் என்பது 15 கிராம் ஆகும். இவ்வெண்கள் முழுத் தகரத்துக்கும் உரியவை அல்ல, அட்டவணையின் தலைப்பிற் குறித்த பரிமாறும் அளவுக்கே உரியவை என்பதை மறத்தலாகாது.

மூன்றாவது, முன்புறச் சின்னம். 2022 இல் வெளியிடப்பட்ட கூட்டரசு ஒழுங்குவிதிகளின்படி, நிறைவுற்ற கொழுப்பு, சர்க்கரை, சோடியம் ஆகியவற்றில் ஏதேனும் மிகுந்துள்ள பொதியுணவுகள், 2026 சனவரி 1 முதல் உருப்பெருக்கிக் கண்ணாடி வடிவிலான கறுப்பு வெள்ளைச் சின்னத்தைத் தாங்கவேண்டும். மொழி புரியாதவரும் இச்சின்னத்தை இனங்கண்டுகொள்ளலாம்.

3. தூய்மை

2023 இலையுதிர்காலத்தில் முலாம்பழத்தின் வழியாகக் கனடாவிற் பரவிய சல்மொனெல்லா தொற்றில் 190 பேர் நோயுற்றமை ஆய்வுகூடத்தில் உறுதிசெய்யப்பட்டது. 9 பேர் உயிரிழந்தனர். தோலை உண்ணாத பழத்தைக் கழுவுவானேன் என்று பலரும் எண்ணுகின்றனர். தோலின் மேலுள்ள கிருமியைக் கத்தி சதைக்குள் எடுத்துச் செல்கின்றது என்பதே விடை.

ஆகவே கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவியபின், பழத்தை ஓடும் நீரில் கழுவுக. அன்னாசி, முலாம்பழம் போன்ற தடித்த தோலுள்ளவற்றைத் தூய தூரிகையால் தேய்க்க. பழத்துக்குச் சவர்க்காரம் இடுதல் வேண்டாம். வெட்டிய பழத்தை இரண்டு மணி நேரத்துக்குள் 4 பாகை செல்சியசில் அல்லது அதற்குக் கீழ் உள்ள குளிர்சாதனப் பெட்டியில் வைத்தல் வேண்டும். ஆயினும், வெளிப்புறம் கழுவுவதால் மட்டும் கிருமி முற்றாக நீங்கிவிடும் என்பதற்கு உறுதியில்லை. திரும்பப் பெறுமாறு அறிவிக்கப்பட்ட பழத்தைக் கழுவி உண்ண முயலாது எறிந்துவிடுக.

உறைநிலைப் பழங்களுக்குத் தனிக் கவனம் தேவை. 2021 இல் கியூபெக், நோவா ஸ்கோசியா மாகாணங்களில் ஏற்பட்ட ஈரலழற்சி ஏ நோய்த்தொற்று, உறைநிலை மாம்பழத்துடன் தொடர்புபடுத்தப்பட்டு, அப்பொதிகள் திரும்பப் பெறப்பட்டன. செங்கமாரியை உண்டாக்கும் இந்த வைரசு உறைகுளிரில் மடிவதில்லை. கொதிநிலை வெப்பத்திலேயே செயலிழக்கும். முதியோரும் ஈரல் நோயுள்ளோரும் அருந்துவதாயின், உறைநிலைப் பழத்தை ஒரு நிமிடமேனும் நன்கு கொதிக்கவைத்து, ஆறியபின் அரைப்பது பாதுகாப்பானது. உறைபெட்டியிற் பொதிகள் பல மாதங்கள் கிடப்பதால், பழத்தை வேறு கொள்கலத்துக்கு மாற்றினாலும் பெயரும் இலக்கமும் உள்ள பொதியுறையை எறிந்துவிடாதீர்கள். திரும்பப் பெறும் அறிவித்தலுடன் ஒப்புநோக்க அது உதவும்.

4. இயந்திரம்

இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளில் 230 வோல்ட்டுக்கென உருவாக்கப்பட்ட அரைக்கும் இயந்திரங்கள் இங்குள்ள 120 வோல்ட் மின்சாரத்துக்கு ஏற்றவை அல்ல. ஒன்ராறியோவில் மின்கருவிகள் ஏற்கப்பட்ட சான்றுச் சின்னம் உடையனவாக இருத்தல் வேண்டும். அலகைத் தொடுமுன் மின்செருகியைக் கழற்றிவிடுக.

5. செய்முறை (இருவருக்கு)

தேவையானவை: பழுத்த பப்பாசித் துண்டுகள் 150 கிராம், மாம்பழத் துண்டுகள் 100 கிராம், சிறிய வாழைப்பழம் பாதி, இனிப்பூட்டாத தயிர் முக்கால் கோப்பை, குளிர்நீர் அரைக் கோப்பை, தேசிக்காய்ச் சாறு ஒரு தேக்கரண்டி, இஞ்சி சிறு துண்டு.

அ. முதலில் நீரையும் தயிரையும் பிளெண்டரில் இடுக. நீர்மம் அடியில் இருந்தால் அலகு தடையின்றிச் சுழலும்.
ஆ. பழங்களையும் இஞ்சியையும் சேர்த்து, குறைந்த வேகத்தில் தொடங்கி, ஒரு நிமிடம்வரை அரைக்க.
இ. தேசிக்காய்ச் சாற்றைக் கலந்து உடனே பரிமாறுக.

உடனே என்பது வெறும் சுவைக்காகச் சொல்லப்பட்டதன்று. பப்பாசியிலும் பச்சை அன்னாசியிலும் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உள்ளன. பால் அல்லது தயிருடன் சேர்ந்து நிற்குமாயின் பானம் கசக்கும். முன்கூட்டித் தயாரிக்க விரும்புவோர், மாம்பழமும் வாழைப்பழமும் மட்டும் இடலாம். அல்லது, வெப்பத்தில் நொதி அழிந்துவிடுவதால், தகரத்தில் அடைத்த அன்னாசியைப் பயன்படுத்தலாம்.

மேற்கூறிய அளவில் ஒரு குவளையிற் சுமார் 20 கிராம் சர்க்கரை உண்டு. அது முழுவதும் பழத்திலிருந்தும் தயிரிலிருந்தும் வருவது. நீருக்குப் பதிலாக ஒரு கோப்பை தோடம்பழச்சாற்றையும், சுவைக்கென இரண்டு மேசைக்கரண்டி ரின்பாலையும் சேர்த்தால் அது ஏறக்குறைய இரு மடங்காகும். நீரிழிவு உள்ளவருக்கு அரைக் குவளையுடன் தொடங்கி, அருந்திய இரண்டு மணி நேரத்தின் பின் சர்க்கரை அளவைச் சோதித்துப் பார்த்து, அவருக்குரிய அளவைத் தீர்மானித்துக்கொள்ளலாம்.

எஞ்சிய பழத்தோல்களைப் பச்சைத் தொட்டியில் இடுக.

6. மீள்நோக்கு

பிளெண்டரை இயக்குமுன் பின்வரும் மூன்று கேள்விகளுக்கும் விடை காண்க:

• அருந்துபவருக்கு நீரிழிவோ சிறுநீரக நோயோ உண்டா? அவர் எடுக்கும் மருந்துகள் எவை?
• சேர்க்கப்போகும் பொருளின் சிட்டையிற் சர்க்கரை எத்தனையாவது இடத்தில் உள்ளது?
• பழம் வெட்டப்படுமுன் கழுவப்பட்டதா?

உதவி பெற

மருந்துக்கும் பழத்துக்கும் உள்ள தொடர்பை உங்கள் மருந்தாளரிடம் கட்டணமின்றிக் கேட்கலாம். நாளின் எந்நேரத்திலும் 811 என்ற இலக்கத்தில் பதிவுபெற்ற தாதியுடன் பேசலாம். உணவு நஞ்சாதல் குறித்து ரொறன்ரோ பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு 416-338-7600 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். மாநகரின் ஏனைய சேவைகளுக்கு 311ஐ அழைக்கவும். அழைத்தவுடன் ‘தமிழ்’ என்று கூறி மொழிபெயர்ப்பாளரைக் கோருங்கள். ஆங்கிலம் தெரியாமையால் கேட்காது விட்ட ஒரு கேள்வியே சிலவேளைகளில் ஓர் உயிரின் விலையாகிவிடுகின்றது.