உடலும் ஓர் அமானிதமே: யோகா பயிற்சி பற்றி ஒரு விளக்கம்

 

நம் பள்ளிவாசலின் ஸஃப்புகளில் நாற்காலிகள் கூடிக்கொண்டே வருவதைக் கவனித்திருப்பீர்கள். நாற்பது வயதுக்காரர்களும் இப்போது நாற்காலியைத் தேடுகிறார்கள். நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி விண்ணப்பங்களிலும் சர்க்கரை, இரத்த அழுத்தம், முழங்கால் வலி, இடுப்பு வலி என்பவையே திரும்பத் திரும்ப வருகின்றன.

நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்ற சலுகையை, மூல நோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் காட்டித் தந்தார்கள். எனவே நாற்காலியில் தொழுபவரை யாரும் குறைவாகப் பேசக் கூடாது. ஆனால் நடக்காமலும் குனியாமலும் இருந்து அந்த நிலையை நாமே வரவழைத்துக்கொள்வது வேறு. உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்பது நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த பாடம்.

நமக்கு இது கூடுமா?

மருத்துவர் யோகா செய்யச் சொன்னதும் பல வீடுகளில் எழும் கேள்வி இது. நியாயமான கேள்வி. ஈமானைப் பற்றிய அச்சம் இருப்பது நல்லதே.

இந்தோனேசிய உலமாக்கள் சபை 2009-இல் இதை ஆராய்ந்து, மந்திரமும் பிற மத வழிபாடும் கலந்த யோகாவைத் தடுத்தது. வெறும் உடற்பயிற்சியாகச் செய்வதை அனுமதித்தது. மலேசியாவின் தேசிய ஃபத்வா சபை 2008-இல் இன்னும் கண்டிப்பாகவே பேசியது. சவூதி அரேபியா 2017-இல் யோகாவை ஒரு விளையாட்டுப் பயிற்சியாகக் கற்பிக்க அனுமதி வழங்கியது. ஆக, வழிபாடு கலக்கக் கூடாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. மந்திரம், சூரியனுக்கு வணக்கம், உருவத்தின் முன் கைகூப்புதல் ஆகியவை நமக்கு இல்லை. கை கால்களை நீட்டுவதும் மடக்குவதும் மூச்சைச் சீராக விடுவதும் உடற்பயிற்சியே. ஐயம் உள்ளவர்கள் நம் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

"ஐந்து வேளைத் தொழுகையே போதாதா?" என்றும் கேட்கிறார்கள். தொழுகை இபாதத், அதை உடற்பயிற்சிக் கணக்கில் சேர்ப்பது அதன் மதிப்பைக் குறைப்பதாகும். பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். யோகாவோடு நடைப்பயிற்சியும் சேர்ந்தால்தான் அது நிறைவேறும்.

என்ன பயன்?

தொடைத் தசை வலுப்பெற்றால் முழங்கால் மூட்டின் மீதுள்ள சுமை குறையும். முதுகு, வயிற்றுத் தசைகள் வலுவானால் இடுப்பு வலி தணியும். நாள்பட்ட இடுப்பு வலிக்கு முதலில் முயல வேண்டிய மருந்தில்லா வழிகளில் ஒன்றாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-இல் யோகாவையும் சேர்த்தது. தசைகள் இயங்கும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன; அதனால் சர்க்கரை கட்டுப்பட உதவி கிடைக்கிறது.

மனதுக்கும் பயன் உண்டு. மூச்சை நிதானமாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு தணிகிறது; பதற்றம் குறைகிறது. கணவர் வளைகுடாவில் இருக்க, குடும்பப் பொறுப்பைத் தனியே சுமக்கும் சகோதரிகளுக்கும், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும், தூக்கமின்றித் தவிப்பவர்களுக்கும் இது ஆறுதல் தரும்.

எப்படித் தொடங்குவது?

சுபுஹு தொழுகைக்குப் பின், வெறும் வயிற்றில் இருபது நிமிடம் போதும்.

1. நேராக நின்று, மூச்சை இழுத்தபடி கைகளை மேலே நீட்டி, விட்டபடி இறக்குங்கள். ஐந்து முறை.
2. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பை மெல்ல உயர்த்தி இறக்குங்கள். ஐந்து முறை.
3. குப்புறப் படுத்து, கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் உயர்த்துங்கள். மூன்று முறை.
4. அத்தஹிய்யாத் இருப்பைப் போல, குதிகால்கள் மீது சிறிது நேரம் அமருங்கள். இதை வஜ்ராசனம் என்பார்கள். வலித்தால் விட்டுவிடுங்கள்.
5. நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். ஐந்து நிமிடம்.
6. கடைசியில் மல்லாந்து படுத்து, உடலைத் தளர்த்தி ஓய்வெடுங்கள்.

சகோதரிகள் வீட்டுக்குள்ளேயே, தளர்வான உடையில் இவற்றைச் செய்யலாம். ஒரு நாள் ஒரு மணி நேரம் செய்து மறுநாள் விட்டுவிடுவதைவிட, தினமும் கொஞ்சம் செய்வதே பலன் தரும்.

கவனம் தேவை

இரத்த அழுத்தம், இதய நோய், கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்களையும் மூச்சை அடக்குவதையும் தவிர்க்க வேண்டும். மூட்டு மாற்று அறுவை செய்தவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். பயிற்சி தொடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. மனச்சோர்வு நீடித்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். சிகிச்சை பெறுவது தவக்குலுக்கு முரணானதல்ல.

இன்று நாற்காலியில் தொழுபவர்களில் சிலராவது, இன்ஷா அல்லாஹ், மீண்டும் தரையில் ஸுஜூது செய்ய வேண்டும் என்பதே நம் ஆசை. வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தான நீண்ட ஆயுளைத் தந்தருள்வானாக! ஆமீன்.