நேத்து நீங்களா முடிவு பண்ணுனது என்னுங்க?

பல்லடத்தில் ஒருவர் தன்னை முதலாளி என்று சொன்னால், எதற்கு முதலாளி என்று கேட்டுவிடுவது நல்லது. விசைத்தறிக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். குடோன் அவருடையது, தறி அவருடையது, வங்கிக் கடனும் அவருடையது. ஆனால் பாவும் ஊடையும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பது. நெய்த காடா துணியும் உற்பத்தியாளருக்கே போய்விடும். தறிக்காரர் கைக்கு வருவது மீட்டர் கணக்கில் கூலி. கோழிப்பண்ணையிலும் இதே கதைதான். நிலம், கொட்டகை, தண்ணீர், உழைப்பு எல்லாம் பண்ணைக்காரருடையவை. குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையவை. நாற்பது நாள் போல வளர்த்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. கறிக்கோழிக்குத் தினமும் பண்ணை விலை அறிவிக்கும் பிராய்லர் ஒருங்கிணைப்புக் குழு இருப்பது இதே பல்லடத்தில்தான். அந்த விலையைச் சொல்வதில் கோழி வளர்ப்பவருக்குப் பங்கில்லை.

அதனால் படிப்பு முடிந்ததும் நம் வீடுகளில் கிளம்பும் ‘சம்பளத்துக்குப் போறதா, சொந்தத் தொழில் பண்றதா’ என்ற பட்டிமன்றத்தைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள். சொந்தத் தொழிலிலும் கூலிக்காரர் உண்டு. சம்பளக்காரரிலும் தன் போக்கில் வேலை செய்பவர் உண்டு. பிடித்த வேலையைத் தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது வேறு. அந்த வேலையில் எந்தெந்த முடிவு உங்கள் கையில் இருக்கும்? அந்த மாதிரி முடிவுகளை எடுப்பது உங்களுக்குப் பிடிக்குமா?

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அந்த வேலையில் இருக்கும் ஒருவரிடம் ‘வேலை பிடிச்சிருக்குங்களா’ என்று கேட்காதீர்கள். ‘பரவால்லீங்க’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ‘நேத்து நீங்களா முடிவு பண்ணுனது என்னுங்க?’ என்று கேளுங்கள்.

பண்ணைக்காரரிடம் கேட்டால், ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பக்கவாட்டுப் படுதாவை எவ்வளவு இறக்கிவிட்டார் என்பதில் தொடங்குவார். எந்த மூலையில் குஞ்சுகள் கூடி நின்றன, தரையில் பரப்பிய மஞ்சி எங்கே ஈரமாகியிருந்தது, ஏன் கிளறிவிட்டார் என்று போகும். ஒரே கம்பெனி, ஒரே குஞ்சு, ஒரே தீவனம். ஆனாலும் பக்கத்துப் பக்கத்துக் கொட்டகைகளில் எடை ஒன்றுபோல வராது. எவ்வளவு தீவனத்துக்கு எவ்வளவு எடை வந்தது என்பதைப் பார்த்துத்தான் கூலியும் கூடும், குறையும். வணிக முடிவு ஒன்றுகூட அவரிடம் இல்லை. உயிரைக் கவனிக்கும் முடிவு மொத்தமும் அவரிடம். பேரம் பேசுவதில் ருசி உள்ளவர் இங்கே வந்தால் ஒரு பேட்சிலேயே சலித்துப்போவார். உன்னிப்பாகப் பார்ப்பதில் ருசி உள்ளவருக்கு இது சரிப்படலாம்.

தறிக்குடோனில் இன்னும் வேடிக்கை. ஒரே கூரை, ஒரே சத்தம், ஆனால் வேலை ஒன்றல்ல. தறி ஓட்டுபவர் பல தறிகளுக்கு நடுவே நடந்துகொண்டே அறுந்த இழையை முடிந்து, தார் மாற்றிக்கொண்டிருப்பார். மெக்கானிக் சத்தத்தை வைத்தே எந்தத் தறியில் கோளாறு என்று சொல்லிவிடுவார். நாளெல்லாம் முடிவெடுப்பவர் அவர்தான். உரிமையாளர் நாள் முழுக்க நின்றாலும், பெரிய முடிவான கூலி உற்பத்தியாளர்களோடு பேசித்தான் வர வேண்டும். சோமனூர், பல்லடம் வட்டாரத்தில் அதற்காக வேலைநிறுத்தங்களே நடந்திருக்கின்றன. 2023இல் விசைத்தறிக்கான இலவச மின்சாரத்தை அரசு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாக உயர்த்தியது. செலவு குறைந்தது, நல்லதுதான். யார் கையில் எந்த முடிவு என்பது அப்படியேதான் இருக்கிறது.

திருப்பூர் பக்கம் போகிறவர்களுக்கும் இதே கணக்கு. தைப்பது பிடிக்கும் என்று பனியன் கம்பெனியில் சேர்ந்த பெண்ணுக்கு, லைனில் நாள் முழுக்க கை மட்டும் தைக்கக் கொடுத்தால் மூன்று மாதத்தில் தையலே வெறுத்துவிடும். அதே கம்பெனியின் சாம்பிள் பிரிவில் உட்கார்ந்தால் முழு உடுப்பையும் அவரே தைப்பார். எங்கே சுருங்குகிறது, எந்தத் தையல் நிற்காது என்று அவர் சொல்வதைக் கேட்பார்கள். மெஷின் ஒன்றுதான், வேலை வேறு. ‘எந்தக் கம்பெனி’ என்பதைவிட ‘எந்தப் பிரிவு’ என்று விசாரிப்பது பலன் தரும். மெர்ச்சண்டைசர் வேலை பகட்டாகத் தெரியும். ஆனால் பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று, தான் எடுக்காத முடிவுக்கெல்லாம் தானே பதில் சொல்லும் வேலை அது. அந்த இழுபறியில் குஷி காண்பவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் அந்த ஜாதியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கையில் முடிவே இல்லாத வேலையில் ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்? ஏமி ரெஸ்னியெவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 2001இல் எழுதிய கட்டுரை ஒன்று இதற்கு உதவும். மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களில் சிலர் சொன்னதை மட்டும் செய்தார்கள். வேறு சிலர் நோயாளிகளோடு பேசி, அவர்கள் தேவையைப் பார்த்துத் தங்கள் வேலையைத் தாங்களே மாற்றி அமைத்துக்கொண்டார்கள். பதவி ஒன்றுதான், வேலையில் கண்ட நிறைவு ஒன்றாக இல்லை. உங்கள் வேலையிலும் யாரும் கவனிக்காத ஒரு மூலை இருக்கும். ஸ்டாக் நோட்டோ, புதிதாக வருபவருக்குச் சொல்லிக்கொடுப்பதோ, அதை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஆய்வை மட்டும் முதலாளியிடம் சொல்லிவிடாதீர்கள். அடுத்த முறை சம்பள உயர்வு கேட்டால் ‘வேலையை ரசிச்சுப் பண்ணுங்க’ என்பார்.

எல்லா வேலையையும் ரசித்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. சூலூருக்குப் பக்கத்துக் கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி.நாயுடு, ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்துவிட்டு, அதை வாங்கக் கோவையில் ஹோட்டல் சர்வராக வேலை செய்து பணம் சேர்த்தார். வாங்கியதும் கழற்றிக் கழற்றி மாட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கினார். 1937இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின் மோட்டார் செய்தார். அந்த சர்வர் வேலையை அவர் ரசித்தாரா என்று யாரும் கேட்பதில்லை. எதற்காக அந்த வேலை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பிடிக்காத வேலையில் இருந்தால், எவ்வளவு சேர வேண்டும், எந்த மாதம் வரை என்று எழுதி பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். இரண்டும் எழுத வரவில்லை என்றால், நீங்கள் காத்திருக்கவில்லை, தங்கிவிட்டீர்கள்.

புது வேலைக்குத் தாவும் முன் அதன் மோசமான வாரத்தைப் பாருங்கள். கோழிப்பண்ணை என்றால் சித்திரை வெயிலில் போங்கள். பனியன் கம்பெனி என்றால் ஷிப்மெண்ட் வாரம், ஒன்றரை ஷிப்ட் ஓடும்போது. தறி என்றால் இரவு ஷிப்ட். பத்து நாள் போதும். நல்ல வாரத்தில் எல்லா வேலையும் நல்ல வேலைதான். இன்னும் நீளமாகப் பார்க்க வேண்டுமானால், 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி உதவித்தொகையோடு பழகுநராகச் சேரலாம். கல்லூரியில் இருப்பவருக்கு 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் பயிற்சிகள் கிடைக்கின்றன. லட்சம் கட்டி ஒரு கோர்ஸில் சேர்வது இதற்கெல்லாம் பிறகு.

வீட்டிலேயே தறியோ பண்ணையோ இருப்பவர் நிலைமைதான் சிக்கலானது. ‘எனக்கு இது வேண்டாம்’ என்று அப்பாவிடம் எடுத்த எடுப்பில் சொல்லாதீர்கள். ‘சரி, பாத்துக்கறேன்’ என்றும் சொல்லிவிடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரே ஒரு முடிவைக் கேளுங்கள். எந்த உற்பத்தியாளரிடம் பாவு எடுப்பது, அல்லது கூலி வரவு செலவு, அல்லது ஆள் வைப்பது. ஏதாவது ஒன்று, முழுசாக. கொடுத்தால், தொழில் உங்களுக்கு ஒத்துவருமா என்று ஆறு மாதத்தில் தெரிந்துவிடும். ‘அதெல்லாம் நான் பாத்துக்கறன் சாமி, நீ கூடமாட நில்லு போதும்’ என்றால், கோபப்படாமல் வெளியே வேலை தேடலாம். அங்கே கூடமாட நின்றால் சம்பளமாவது உண்டு.

தறி ஓடும்போது ‘நேத்து நீங்களா முடிவு பண்ணுனது என்னுங்க?’ என்று கேட்டுப் பிரயோஜனம் இல்லை, காது கேட்காது. ஷிப்ட் மாறும் நேரத்தில் எதிர் பேக்கரியில் டீ குடிக்க வருவார்கள். அப்போது கேளுங்கள். கூட ஒரு தேங்காய் பன் சொன்னால், முந்தாநாள் எடுத்த முடிவையும் சேர்த்துச் சொல்வார்கள்.