உள்ளே விடும் முன் விசாரிப்போம்

ஊறுகாய் விற்கும் மகளிர் குழு ஒன்று இணையதளம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருள் அதற்கு உதவும். அது 2003-ஆம் ஆண்டு வெளிவந்தது. இலவசமாகக் கிடைக்கிறது.

தளத்துக்குத் தோற்றம் தருவது தீம். அது வீட்டுக்கு வண்ணம் அடிப்பது போன்றது. நிறத்தையும் படத்தையும் எழுத்தின் அளவையும் நாமே மாற்றலாம். செல்போனில் தெளிவாகத் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கூடுதல் வேலைகளைச் செய்வது பிளகின். ஆர்டர் வாங்க ஒன்று. படங்களை அடுக்க ஒன்று. பிளகின் வேறு யாரோ எழுதியது. அதை நம் வீட்டுக்குள் விடுகிறோம். விசாரிக்க வேண்டாமா?

மூன்று கேள்விகள் கேளுங்கள்.

1. கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள்?
2. எத்தனை தளங்களில் ஓடுகிறது?
3. வேர்ட்பிரஸின் எந்தப் பதிப்பு வரை சோதித்தார்கள்?

வேர்ட்பிரஸின் பிளகின் பட்டியலிலேயே இவற்றுக்குப் பதில் இருக்கும். படித்துப் பார்த்தால் போதும்.

விலையுள்ள பிளகினை யாரோ சும்மா தருகிறார்களா? வாங்காதீர்கள். அதில் திருட்டு வேலை ஒளிந்திருக்கலாம். ஊறுகாய் வாங்கியவர்களின் பெயர், முகவரி, போன் எண் எல்லாம் களவு போகலாம். அவை நம்மை நம்பிக் கொடுத்தவை.

தேவையில்லாத பிளகினை நிறுத்தி வைத்தால் மட்டும் போதாது. நீக்கிவிட வேண்டும். எந்த மாற்றம் செய்வதற்கு முன்பும் தளம் முழுவதையும் நகல் எடுத்து வையுங்கள். ஏதாவது கெட்டுப்போனால் பழையபடி திருப்பிவிடலாம்.

சிந்திப்போம்: உங்கள் குழுவின் தளத்தில் என்னென்ன வேலைகள் நடக்க வேண்டும்? எழுதிப் பாருங்கள். அந்த வேலைகளுக்கு மட்டும் பிளகின் தேடுங்கள்.