கொப்பியை மூடிவிட்டுப் படியுங்கள்

சுன்னாகத்தை அடுத்த மருதனார்மடத்தில் யாழ். பல்கலைக்கழகத்தின் இசை, நடனம் பயிலும் மாணவர் விடுதியில் தங்கினால், அறைத்தோழரே நல்ல பரீட்சகர். குறிப்பைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, கொப்பியை மூடிவிட்டு ராக இலக்கணத்தை அவருக்குச் சொல்லிக்காட்டுங்கள். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், மீண்டும் வாசித்தவர்களுக்கு ஒரு வாரத்தின்பின் 42 வீதமே நினைவிருந்தது. பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 வீதம். ஐந்து நிமிடத்தில் கேட்டபோது வாசித்தவர்களே முந்தினார்கள் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு நாளிலேயே நிலை மாறிவிட்டது. ஆகவே வாசிப்பு, சோதினை மண்டப வாசலில் கடைசியாகப் புரட்டுவதற்கு உதவும், அவ்வளவே. இருவர் சேர்ந்தால் அரட்டைதான் மிஞ்சும் என்பீர்கள். மிஞ்சட்டும், அதுவும் விடுதி வாழ்க்கைதானே! இரவுச் சாப்பாட்டுக்கு முன் அரை மணி நேரத்தை இப்படிச் சொல்லிக்காட்டுவதற்கென ஒதுக்கி, தடுமாறிய இடங்களை மட்டும் பிறகு கொப்பியில் பாருங்கள்.