ஆட்டோ லாகின் ஸ்க்ரிப்ட்: இரண்டு பூட்டு, ஒரே சாவிக்கொத்து

காலையில மேனாம்பேடுல இருந்து அம்பத்தூர் எஸ்டேட் ஆபீஸுக்குக் கிளம்புற அவசரத்துல, 9.15-க்கு மார்க்கெட் திறக்கிறதுக்குள்ள டீமேட் கணக்குல லாகின் பண்ண நேரம் இருக்காது. "இதை ஒரு பைத்தான் ஸ்க்ரிப்ட் பண்ணட்டுமே"ன்னு தோணும். பண்ண முடியும். ஆனா பண்ணலாமா? அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

ஸ்க்ரிப்ட் எப்படி லாகின் பண்ணுது?

செலினியம்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. அது பிரவுசரைத் திறந்து, யூசர் ஐடி, பாஸ்வேர்டு கட்டங்களைத் தேடி, நீங்க டைப் பண்ற மாதிரியே நிரப்பும். அடுத்தது, ஆத்தென்டிகேட்டர் ஆப்ல 30 விநாடிக்கு ஒருமுறை மாறுற 6 இலக்க எண். பேரு டிஓடிபி. இதை யாரும் உங்களுக்கு அனுப்புறது இல்ல. முதல் நாள் நீங்க ஸ்கேன் பண்ண க்யூஆர் கோடுல ஒரு ரகசியக் குறியீடு இருக்கும். அதையும் அப்போதைய நேரத்தையும் வச்சு ஆப் கணக்குப் போடுது. குறியீட்டைக் கொடுத்தா ஸ்க்ரிப்ட்டும் அதே எண்ணைப் போட்டுடும்.

ஆபத்து எங்கே?

பாஸ்வேர்டு உங்க மனசுல, குறியீடு உங்க போன்ல. தனித்தனியா இருக்கிறவரைக்கும்தான் அது இரண்டு பூட்டு. ரெண்டையும் ஒரே ஃபைல்ல எழுதி, அது ஆபீஸ் லேப்டாப்லயோ கிட்ஹப்லயோ மாட்டினா, எடுத்தவர் கையில உங்க மொத்தக் கணக்கும் போயிடும்.

பேங்க் கணக்குன்னா இன்னும் கவனம். லாகின் விவரத்தைப் பகிர்வது மாதிரியான வாடிக்கையாளரின் கவனக்குறைவால பணம் போனா, பேங்குக்குப் புகார் சொல்ற நேரம் வரைக்குமான முழு நஷ்டமும் வாடிக்கையாளருக்குத்தான்னு ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை சொன்னது.

அப்போ என்ன பண்ணலாம்?

1. ஆர்டர் போடணுமா? புரோக்கரோட ஏபிஐ-யைப் பயன்படுத்துங்க. உதாரணமா, ஜெரோதாவின் கைட் கனெக்ட்ல தினமும் ஒருமுறை நீங்களே லாகின் பண்ணா ஒரு டோக்கன் கிடைக்கும். மறுநாள் காலை 6 மணிக்கு அது காலாவதி. ஸ்க்ரிப்ட்டுக்குப் பாஸ்வேர்டு தேவையில்ல.

2. பேலன்ஸ் மட்டும் பார்க்கணுமா? 2021 செப்டம்பர்ல தொடங்கின அக்கவுன்ட் அக்ரிகேட்டர் வசதி இருக்கு. பாஸ்வேர்டே கொடுக்காம, நீங்க சம்மதிச்ச தகவல் மட்டும் போகும். சம்மதத்தை எப்போ வேணும்னாலும் ரத்து பண்ணலாம்.

3. ஏற்கெனவே ஸ்க்ரிப்ட் எழுதி வச்சிருக்கீங்களா? ஃபைலை அழிச்சா மட்டும் போதாது. கிட்ஹப்ல பழைய பதிப்பு அப்படியே இருக்கும். பாஸ்வேர்டை மாத்துங்க, டிஓடிபி-யை ரீசெட் பண்ணுங்க. பழைய குறியீடு செல்லாததாகிடும்.

தினமும் அரை நிமிஷம் லாகினுக்குச் செலவு பண்றது, சம்பளத்துல சேர்த்த பணத்துக்கு நீங்க கட்டுற மலிவான இன்சூரன்ஸ். மூணாவது வேலை உங்களுக்குப் பொருந்தினா, இன்னைக்கு ராத்திரியே முடிச்சிடுங்க!