ஊழியமும் ஊதியமும்

கார் நிக்கோபாரிலிருந்து 1973-இல் ஹட் பே அருகே குடியேறியோரின் வழிவந்த கிறிஸ்தவ இளைஞர் ஒருவர் என்னிடம் வினவினார்: “சபையில் சம்பளப் பதவி கிடைத்தால்தான் நான் ஊழியனா?”

கொரிந்துவில் கூடாரத் தொழில் செய்து பிழைத்தவர் பவுல். நற்செய்தி அறிவிப்போருக்கு அதனாலேயே பிழைக்கும் உரிமை உண்டென்று எழுதியவரும் அவரே. பிலிப்பியர் அனுப்பிய உதவியையும் ஏற்றார். ஆகவே ஊதியம் இழுக்கன்று. ஆனால் அது அழைப்பின் சான்றும் அன்று.

அவ்விளைஞரின் முன்னோர் அறிந்த ஜான் ரிச்சர்ட்சன் 1912-இல் ஆசிரியராகக் கார் நிக்கோபார் திரும்பினார். குருப்பட்டம் 1934-இல்தான், ஆயர் பதவி 1950-இல். நிக்கோபாரி மொழியில் புதிய ஏற்பாட்டைத் தந்தவர் அவர். (மொழிபெயர்ப்பின் உழைப்பை நானும் சிறிது அறிவேன்.) கரும்பலகை முன் கழிந்த அந்த 22 ஆண்டுகளை வெறும் காத்திருப்பு என்று எவர் சொல்வார்?

“இப்போது என்ன செய்கிறீர்கள்?” என்றேன்.

“பகலில் படகுத்துறையில் வேலை, மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம், சுவாமி.”